புத்தளக் கரையில் விருந்தாளியும் அயலவரும்

மாலைதீவிலிருந்து தென்னிந்திய மாபார் கரைக்குப் புறப்பட்ட அரபுப் பயணி இபுனு பதூதாவின் கப்பல் 1344இல் காற்றில் வழிதவறி இலங்கையின் வடமேற்குக் கரையில் ஒதுங்கியது. அந்தக் கரை ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருக்கிறது, அவருக்குக் கடற்கொள்ளைக் கப்பல்கள் உண்டு, இறங்க வேண்டாம் என்று மாலுமிகள் தடுத்தார்கள். அவர் இறங்கினார். புத்தளத்தில் அவரைச் சந்தித்த அரசருக்குப் பாரசீகம் விளங்கியது. விருந்து நடந்தது, முத்துகள் கொடுக்கப்பட்டன. என்ன வேண்டும் என்று கேட்டபோது ஆதம் மலையைப் பார்க்க வேண்டும் என்றார் பயணி. பல்லக்கு வந்தது, வழிகாட்ட நான்கு யோகிகள், மூன்று பிராமணர், அரசரின் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர் என ஒரு சிறு படையே உடன் சென்றது. புத்தளத்தின் பழம்பெருமை பேசுவோர் இந்தக் காட்சியை விடாமல் எடுத்துச் சொல்வார்கள். பெருமைப்படத் தக்கதுதான். ஆனால் அந்த விருந்தின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வந்தவர் சில நாளில் போய்விடுவார் என்பது அரசருக்கு முதல் நாளே தெரியும். போகப்போகிறவருக்குக் கொடுப்பதில் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. அவர் நாளை நம் கிணற்றில் தண்ணீர் எடுக்க மாட்டார், நம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பாடசாலை இடத்தைக் கேட்க மாட்டார், நம் வீட்டில் பெண் கேட்டு வரவும் மாட்டார்.

வந்தவரை வரவேற்பது வேறு, அவரை அயலவராக ஏற்பது வேறு. முதலாவது இந்தக் கரைக்கு எப்போதும் கைவந்த காரியம். இரண்டாவது சில காலங்களில் கைகூடியிருக்கிறது, சில காலங்களில் இழுபட்டிருக்கிறது. கைகூடிய இடங்களில் இரண்டு நிலைமைகளைக் காண முடிகிறது. வந்தவர் தங்கிவிடப் போகிறார் என்பதை இரு தரப்பும் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டிருந்தன என்பது ஒன்று. இரு தரப்புக்கும் மற்றவர் கை தேவைப்படும் ஏதோ ஒரு வேலையோ வழிபாடோ இருந்தது என்பது மற்றொன்று. நல்ல மனம் இருந்தால் போதும், நட்பு தானாக வளரும் என்பது கேட்க இனிமையான கருத்து. புத்தளக் கரையின் வரலாறு அதை ஆதரிக்கவில்லை. நல்ல மனம் நிறைய இருந்தும் அயலுறவு பல ஆண்டுகள் தாமதமானதற்கு 1990க்குப் பிந்திய புத்தளமே சாட்சி.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. சிலாபத்திலிருந்து கற்பிட்டிக் குடாநாட்டின் முனைவரை நீளும் இந்தக் கரையில் ‘நாங்கள் என்றும் இங்கேயே இருந்தவர்கள்’ என்று சொல்லக்கூடிய சமூகத்தைத் தேடிப்பிடிப்பது கடினம். முக்குவர், கரையார், செட்டிகள், சோனகர் எல்லோருக்கும் கடல்கடந்து வந்த ஒரு மரபுக்கதை உண்டு. களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கற்பிட்டியில் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டினார்கள். அதே கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு வணிகச் சமூகத்தின் பிள்ளை, 1834இல் இலங்கை முழுவதற்குமான ஊர்க் களஞ்சியம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூட்டாக்’ வந்தது. வந்தேறிகளின் வழிவந்தவர் தீவின் ஊர்களுக்கெல்லாம் விளக்கம் எழுதியிருக்கிறார். இந்தக் கரையில் பூர்வீகம் என்பது பெரும்பாலும் யார் முந்தி வந்தார் என்ற கணக்கு மட்டுமே.

உடப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இராமேசுவரக் கரையிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அந்த ஊராரின் வழக்கு. சிங்களக் கத்தோலிக்க ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் சூழ்ந்த இடத்தில் தமிழ் பேசும் இந்து மீனவர் ஊராக உடப்பு இன்றும் நிலைத்திருக்கிறது. எப்படி? கரைவலை ஒரு காரணம். கரைவலையை ஒரு குடும்பம் இழுக்க முடியாது. வலை வளைத்தபின் இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்துக் கரையில் நின்று இழுக்கப் பல கைகள் வேண்டும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. கை குறைந்த நாளில் கயிற்றைப் பிடிப்பவர் எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பிடித்தவருக்குப் பங்கு உண்டு என்பதே கரையின் நியாயம். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் தாளமும் கையை ஒன்றுசேர்க்கத்தான். இன்னொரு காரணம் திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் திருவிழா. பதினெட்டு நாள் பாரதக் கதையை ஒட்டி நடந்து தீமிதிப்பில் முடியும் அந்த விழாவுக்குச் சுற்றுவட்டாரச் சிங்கள மக்களும் நேர்த்திக்கடனோடு வருகிறார்கள். உடப்பார் மொழியை மாற்றிக்கொள்ளவில்லை, மதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்தார் வருவதற்கு ஒரு காரணத்தைத் தங்கள் ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

முன்னேசுவரக் கோயிலுக்கும் தலவில புனித அன்னாள் தேவாலயத்துக்கும் பிற ஊராரை வரவழைக்கும் இதே குணம் உண்டு. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் நடக்கும் தலவிலத் திருநாளுக்கு வருவோர் பலநாள் அங்கேயே தங்குகிறார்கள். அந்த நாட்களில் கற்பிட்டிக் குடாநாட்டின் மணல்வெளி பல ஊராரின் பொதுக்குடியிருப்பாகிவிடுகிறது.

புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் வாழும் காப்பிரி மக்களின் கதை இன்னும் கடினமான சோதனை. போர்த்துக்கேயர் காலம்தொட்டுப் பிரித்தானியர் காலம்வரை அடிமைகளாகவும் படைவீரராகவும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். நிறமும் மொழியும் ஊராரோடு ஒத்திருக்கவில்லை. அவர்கள் பணியாற்றிய இலங்கை ரைபிள் படையணி 1870களில் கலைக்கப்பட்டபின் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். திரும்பிப் போக அவர்களுக்கு ஓர் ஊர் இருக்கவில்லை. தலைமுறை கடக்கச் சிங்களவரோடும் தமிழரோடும் மணவுறவு ஏற்பட்டது. போர்த்துக்கேயக் கலப்பு மொழி வீட்டுப் பேச்சிலிருந்து மெல்லப் போய்விட்டது, ‘மஞ்சா’ பாட்டும் ஆட்டமும் மட்டும் மிஞ்சின. அந்த ஏற்பின் விலை பெரிது. ஆனாலும் அவர்களை யாரும் ‘எப்போது போவீர்கள்’ என்று கேட்கவில்லை, ஏனென்றால் போகப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கற்பிட்டிக் கரையில் மூன்றாவது வகை உறவு ஒன்றும் உண்டு. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் பருவக்காற்றை அனுசரித்து வந்து வாடி எனப்படும் தற்காலிகக் குடில் போட்டுத் தங்கித் தொழில் செய்து, கடல் மாறியதும் திரும்பிவிடுவார்கள். பத்தலங்குண்டுத் தீவு அப்படி வாடியாகத் தொடங்கிக் குடியிருப்பானது. வாடிக்காரர் விருந்தாளியும் இல்லை, அயலவரும் இல்லை. வலை குறித்தும் துறை குறித்தும் சண்டைகள் வந்திருக்கின்றன. என்றாலும் யார் எப்போது வருவார், எங்கே வாடி போடுவார், எப்போது போவார் என்பது தெரிந்த ஏற்பாடு அது. போவதும் வருவதும் கணக்கில் இருப்பதால் பகையும் கணக்கோடு நின்றுவிடுகிறது.

இந்தப் பின்னணியில் 1990க்கு வருவோம். அந்த ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். கையிலிருந்த பணமும் நகையும் வழியில் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். மற்றவர்கள் தரைவழியே வவுனியா, அநுராதபுரம் தாண்டி வந்தார்கள். பெரும்பாலானோர், அறுபதாயிரம் அளவில், புத்தளம் மாவட்டத்தில் சேர்ந்தார்கள். இந்த எண்ணின் பொருள் விளங்க இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். 1981 குடிசனக் கணக்கெடுப்பில் புத்தளம் மாவட்டத்தின் இலங்கைச் சோனகர் தொகை ஏறக்குறைய ஐம்பதாயிரம்தான். அதாவது ஒரு சமூகம் சில வாரங்களுக்குள் தன் அளவேயான இன்னொரு சமூகத்தைத் தன் வீட்டுக்குள் ஏற்க வேண்டியிருந்தது.

ஏற்றது. இதில் ஐயத்துக்கு இடமில்லை, வந்தவர்களின் சாட்சியங்களே இதை மீண்டும் மீண்டும் சொல்கின்றன. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீடுகளில் உலை வைத்துச் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். மாரி தொடங்கும் காலம். தென்னந்தோட்டக்காரர் பலர் தங்கள் காணியில் கிடுகுக் கொட்டில் போட இடம் விட்டார்கள். ஆலங்குடா, தில்லையடி, நாகவில்லு, உப்பளத்துப் பக்கம் எல்லாம் முகாம்களாயின. 1976 பெப்ரவரியில் பள்ளிவாசலுக்குள் பொலிஸ் சுட்டு உள்ளூர் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட நினைவு புத்தளத்தில் அப்போது பதினான்கே ஆண்டுப் பழையது. உயிருக்கு அஞ்சி வந்தவரின் நிலை அந்த ஊருக்கு விளக்கம் சொல்லித் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை. இபுனு பதூதாவுக்கு அரசர் செய்ததை இம்முறை சாதாரணக் குடும்பங்கள் செய்தன, அதுவும் அறுபதாயிரம் பேருக்கு. ஆனால் அரசரைப் போலவே அவர்களும் ஒரு நம்பிக்கையில்தான் செய்தார்கள். சில வாரம், மிஞ்சினால் சில மாதம், பிறகு போய்விடுவார்கள் என்று ஊர் நினைத்தது. வந்தவர்களும் அப்படியே நினைத்தார்கள். வீட்டுச் சாவியை மடியில் முடிந்துகொண்டு வந்தவர்களுக்கு வேறெப்படி நினைக்க முடியும்?

மாதங்கள் ஆண்டுகளாயின. உறவு கசந்ததும் அப்போதுதான், வந்த மாரியில் அல்ல. ‘அகதி’ என்ற சொல் இரக்கத்திலிருந்து ஏளனத்துக்கு இடம் மாறியது; தொண்ணூறுகளின் நடுப்பகுதி தொடங்கி எழுதப்பட்ட ஆய்வுகள் பல இந்த மாற்றத்தைப் பதிவுசெய்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளரும் மன்னாரைச் சேர்ந்தவருமான பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லா, நோர்வே நாட்டு ஆய்வாளர் கத்ரீன் புரூன் போன்றோரின் எழுத்துகளில் இதைக் காணலாம். வெங்காயத் தோட்டத்தில் குறைந்த கூலிக்கு அவர்கள் போவதால் எங்கள் கூலி விழுகிறது என்றார் உள்ளூர்க் கூலியாள். பாடசாலை நெரிகிறது என்றார் பெற்றோர். எங்கள் மாவட்டத்துக்குரிய பல்கலைக்கழக இடங்களுக்குப் போட்டி வந்துவிட்டது என்ற முறைப்பாடு எழுந்தது. வந்தவர்கள் பக்கத்திலும் அலட்சியம் இல்லாமலில்லை: யாழ்ப்பாணத்துப் படிப்பையும் நாகரிகத்தையும் அளவுகோலாக வைத்துப் புத்தளத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அரசியல்வாதிகள் இரு பக்கமும் இதை ஊதினார்கள்.

கசப்புக்கு மனிதர்களைக் குறைசொல்வது எளிது. என் பார்வையில் முதற்பழி ஏற்பாட்டின் மீது விழ வேண்டும். வந்தவர்கள் புத்தளத்தில் வாழ்ந்தார்கள், காகிதத்தில் மட்டும் வடக்கில் இருந்தார்கள். அவர்களுக்கென்று தனிச் செயலகம் புத்தளத்தில் இயங்கியது. அவர்களோடு இடம்பெயர்ந்த கிராம உத்தியோகத்தரே அவர்களின் கடுதாசி அலுவல்களைப் பார்த்தார். நிவாரண அட்டைக்குச் சங்கக்கடையில் உலருணவு கிடைத்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபாய் என்ற அளவு, விலைவாசி எவ்வளவோ ஏறியபோதும் பல ஆண்டுகள் அசையவில்லை. அந்த அரிசியும் பருப்பும் ஒரு குடும்பத்தை முழு மாதம் காக்கப் போதாது. ஆனால் பக்கத்துக் கொட்டிலில் வாழ்ந்த உள்ளூர் ஏழைக்கு அது கண்ணில் குத்தப் போதுமானது. பல இடங்களில் வடக்குப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை, அதுவும் உள்ளூர்ப் பிள்ளைகள் வீடு போனபின் அதே கட்டடத்தில் பிற்பகல் வகுப்பு. ஒரே மதத்தைச் சேர்ந்த, ஒரே மொழி பேசும், ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே வாங்கில் மாறிமாறி உட்கார்ந்து எழுந்து போனார்கள், ஒருவரையொருவர் காணாமல். இரண்டு ஊர்ப் பிள்ளைகள் சிநேகிதராவதற்குப் பாடசாலையைவிட நல்ல இடம் இல்லை. அந்த இடத்தையே நேரசூசி பிரித்துவிட்டது.

வாக்கு இன்னொரு சுவர். வடக்கு முஸ்லிம்களின் பெயர் மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு வாக்காளர் இடாப்பிலேயே இருந்தது. தேர்தல் வந்தால் புத்தளத்தில் அவர்களுக்கென விசேட வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன, வாக்கு வடக்குத் தொகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. புத்தளத்து நகரசபை உறுப்பினருக்கோ கற்பிட்டிப் பிரதேச சபை உறுப்பினருக்கோ முகாம் வீதியைச் செப்பனிட்டு ஒரு வாக்கும் கிடைக்காது. வடக்கு வேட்பாளருக்கு இவர்கள் இடம்பெயர்ந்தவர்களாகவே தொடர்வதில் இலாபம் இருந்தது. அயலுக்கும் வாக்குக்கும் தொடர்பில்லாதபோது, ஊரின் குப்பை, வடிகால், குடிநீர் பற்றி இரு தரப்பும் சேர்ந்து சண்டைபோடக்கூட வாய்ப்பில்லை. சேர்ந்து சண்டைபோடுவதும் ஓர் அயலுறவுதான்.

முதற்பழி ஏற்பாட்டுக்கே என்ற இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு எண்ணிக்கையைப் பற்றியது. உடப்பாரும் காப்பிரி மக்களும் சிறு தொகையாக, நீண்ட காலத்தில் வந்து சேர்ந்தவர்கள்; அறுபதாயிரம் பேர் ஒரே மாரியில் வந்தால் எந்த ஏற்பாடும் தாங்காது, நிலமும் தண்ணீரும் வேலையும் வரையறைக்குட்பட்டவை என்பார்கள். இது பெரிய அளவில் உண்மை. கற்பிட்டிக் குடாநாட்டின் நன்னீர், மணலுக்கடியில் மிதக்கும் மெல்லிய படலம்; அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்பாகும். ஆனால் எண்ணிக்கைதான் முழுக் காரணம் என்றால் கசப்பு முதல் மாதங்களில் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். கூட்டம் மிக அடர்த்தியாகவும் கை மிக வெறுமையாகவும் இருந்த காலம் அதுதான். அப்போது ஊர் சோறு கொடுத்தது. பிறகு வந்தவர்கள் உழைக்கத் தொடங்கினார்கள், சிலர் கடை வைத்தார்கள், சிலர் காசு சேர்த்துக் காணித்துண்டு வாங்கினார்கள். ஊருக்குச் சுமை குறைந்துகொண்டு வந்தது. முறைப்பாடுகளோ கூடின. பாரம் குறையக் கோபம் கூடுகிறது என்றால் கோபத்தின் வேரை வேறிடத்தில்தான் தேட வேண்டும். எத்தனை காலம் என்று சொல்லப்படாத இருப்பும், பக்கத்தில் இருந்தும் வேறு வரிசையில் நிற்பதும்தான் அந்த வேர்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருவது. இரு தரப்பும் முஸ்லிம்கள், இரு தரப்பும் தமிழ் பேசுவோர், ஆகவே இது குடும்பத்துக்குள் வந்த சிறு சச்சரவு, இதைப் பெரிதுபடுத்தலாமா? மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் இடையே முன்பிருந்தே கடல்வழிப் போக்குவரத்தும் வியாபாரமும் மணவுறவும் உண்டு என்பதும் சரி. ஆனால் ஒத்த தன்மை முதல் வரவேற்பை எளிதாக்கியதே தவிர அயலுறவை எளிதாக்கவில்லை. ஒரே பள்ளிவாசல் என்பதால் நிர்வாகக் குழுவில் யார் என்ற கேள்வி வந்தது. ஒரே திருமணச் சந்தை என்பதால் வடக்கின் சீதன வழக்கம் உள்ளூர்ப் பெண்ணைப் பெற்றோருக்குப் பயமானது. காப்பிரி மக்களோடு இருந்த தூரம் போட்டியில்லாத தூரம். இங்கே நெருக்கமே போட்டியைக் கூட்டியது. ஒரே மாதிரியானவர்கள் தாமாக ஒன்றுசேர்வார்கள் என்று நம்பி அரசும் தொண்டு நிறுவனங்களும் அந்த வேலையைச் செய்யாமல் விட்டதும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

மூன்றாவது மறுப்புத்தான் மிகப் பலமானது. வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டவர்கள். அவர்களைப் புத்தளத்தாராகப் பதிந்துவிட்டால் விரட்டியது சரியென்று ஆகிவிடும். காணி உரிமை, வாக்குரிமை, திரும்பும் உரிமை எல்லாம் போய்விடும். ஆகவே தற்காலிகம் என்ற நிலையைக் கட்டிக்காத்ததே அரசியல் விவேகம் என்று வடக்கு முஸ்லிம் தலைவர்கள் வாதிட்டார்கள். முகாமில் செங்கல் வீடு கட்டுவதையே சிலர் விரும்பவில்லை. இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. திரும்பும் உரிமை என்பது பறித்தவர்களுக்கும் அரசுக்கும் எதிரான உரிமை. அது காலத்தால் கரையக்கூடாது. ஆனால் அந்த உரிமையைக் காக்க எது தேவை? வடக்கிலுள்ள காணியின் உறுதி, அதற்கான பதிவு, அங்கே வாக்களிக்கும் உரிமை இவ்வளவும் தேவை. பிற்பகல் பாடசாலை தேவையில்லை. இருபது ஆண்டு கிடுகுக் கொட்டில் தேவையில்லை. உள்ளூர் ஏழைக்குக் கிடைக்காத அட்டையை அவன் கண்முன் வைத்திருப்பதும் தேவையில்லை. வடக்கில் உரிமையும் புத்தளத்தில் அயலும் ஒன்றையொன்று அழிப்பவை என்ற எண்ணமே பிழை. இந்தக் கரையில் இரண்டு ஊர் வைத்து வாழ்ந்தவர்கள் புதியவர்கள் அல்ல. வாடிக்காரர் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வாழ்கிறார்கள். 

அந்தப் பிழையைக் கொஞ்சமாவது திருத்திய முயற்சி 2007இல் உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் நிதியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம். வந்து பதினேழு ஆண்டுக்குப்பின் முதல்முறையாக, முகாமில் இருப்பவர் விரும்பினால் தன் பெயரில் உறுதியுள்ள காணியில் நிலையான வீடு கட்டலாம் என்று ஆனது. அந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டிய அம்சம், இடம்பெயராத உள்ளூர் ஏழைக் குடும்பங்களும் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டது. வரிசை ஒன்றாயிற்று. பதினேழு ஆண்டு முன்னதாகவே இப்படிச் செய்திருந்தால் எவ்வளவு கசப்பு மிச்சப்பட்டிருக்கும் என்று கேட்பது வீண் கற்பனையல்ல; உலருணவு அட்டை அறிமுகமான காலத்திலேயே எடுத்திருக்கக்கூடிய முடிவுதான் அது.

இன்னொரு எச்சரிக்கைக் குரலையும் கேட்க வேண்டும். ஊரோடு ஒட்டிப்போனால் கரைந்துபோவோம் என்ற பயம். இந்தக் கரையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது: நீர்கொழும்பிலிருந்து சிலாபம்வரை தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவச் சமூகங்கள், பாடசாலை மொழி சிங்களமானதோடு சில தலைமுறைக்குள் சிங்களம் பேசுவோராக மாறிவிட்டன. பாட்டி தமிழில் பேசப் பேரன் சிங்களத்தில் பதில் சொல்லும் வீடுகளில் நடந்தது உண்மையான இழப்பு. ஆனால் அங்கே வேலை செய்தது பாடசாலை மொழி பற்றிய மேலிடத்து முடிவு. அயலாரோடு பழகியதால் அது நேரவில்லை. உடப்பு அதே கரையில், அதே அயலாரோடு பழகி, தமிழாகவே நிற்கிறது. பழகினால் கரைவோம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி என்றால் உடப்பு இருந்திருக்கக் கூடாது.

அதிகாரம் ஒன்றும் செய்யாத இடத்தில் வேலை செய்தது எது? கற்பிட்டி, நுரைச்சோலை மணல் தோட்டங்களில் சின்ன வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் பயிராகின்றன. களை பிடுங்கவும் வெங்காயம் கிண்டவும் குனிந்த முதுகுகள் ஏராளம் வேண்டும். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் சொந்த வயல் வைத்திருந்தவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் அங்கே நாட்கூலியானார்கள். கூலித் தகராறு பிறந்த அதே பாத்தியில்தான் உள்ளூர்ப் பெண்ணும் வடக்குப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் குந்தி வேலை செய்து ஒருவர் பிள்ளைகளின் பெயரை மற்றவர் தெரிந்துகொண்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வியாபாரிகளும் தையற்காரரும் புத்தளக் கடைத்தெருவில் இடம்பிடித்தார்கள். முதலில் போட்டியாளராக, பிறகு கடன் கொடுக்கல் வாங்கலில் நம்பகமானவராக. இடம்பெயர்ந்த ஆசிரியர்களிடம் உள்ளூர்ப் பிள்ளைகளும் படித்தார்கள். கரைவலைக் கயிற்றில் உடப்பாருக்கு நடந்ததுதான் இங்கும் நடந்தது. மணவுறவு கடைசியாக, மெல்ல வந்தது. அது எப்போதும் அப்படித்தான். நிவாரணம் பிரித்தவர்களை வேலை சேர்த்தது என்று சொன்னால் சிலருக்கு உறுத்தும். பசித்த மாரியில் நிவாரணம் இல்லாமல் முடிந்திருக்காது என்பது உண்மை. அது எப்போது முடிய வேண்டும் என்று யாரும் திட்டமிடாததுதான் குற்றம்.

2009 மே மாதம் போர் முடிந்ததும் ‘இனிப் போகலாமே’ என்ற கேள்வி வந்தது. போனவர்கள் காடு மூடிய காணிகளைக் கண்டார்கள். மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கத்தில் காணியே காட்டுப் பாதுகாப்புக்குள் அடங்கிவிட்டதாகச் சொல்லப்பட்டு வில்பத்து வனச் சர்ச்சை எழுந்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வடக்கு என்பது பெற்றோர் சொன்ன கதை. பலர் இரண்டு இடத்திலும் கால் வைத்தார்கள். 2013இல் பாராளுமன்றம் இடம்பெயர்ந்தோரின் வாக்காளர் பதிவுக்கென விசேட சட்டம் இயற்றியது. ஆயினும் 2019 ஜனாதிபதித் தேர்தல் நாளன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம்களின் பஸ்கள்மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வெளியேற்றப்பட்டு 29 ஆண்டுக்குப் பின்னும் ஒரு வாக்குக்காக மாவட்ட எல்லை கடந்து பயணப்பட வேண்டியிருந்தது என்பதே தற்காலிகத்தின் நீளத்தைக் காட்டும்.

இந்த வரலாற்றின் ஒரு பாதிதான் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. வெளியேற்றப்பட்டவர்களின் சாட்சியங்கள் நூல்களாகவும், 2011இல் வெளியான குடிமக்கள் ஆணைக்குழு அறிக்கையாகவும் கிடைக்கின்றன. வரவேற்றவர்களின் பக்கம் அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. எந்தப் பள்ளிவாசலில் எத்தனை நாள் அடுப்பு எரிந்தது, யார் தோட்டத்தில் முதல் கொட்டில் எழுந்தது, எந்தத் தோணிக்காரர் கற்பிட்டித் துறையில் ஆளிறக்கினார், பிறகு எங்கே, எதனால் மனம் முறிந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் உள்ளூரில் இருக்கிறார்கள். 1990இல் நாற்பது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் உள்ள பாடசாலைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், ஊர் வரலாறு எழுதுவோர் அந்தப் பெரியவர்களிடம் இந்த ஆண்டே போய்க் கேட்டு எழுதிவைக்க வேண்டும். கேட்கப் போகும் மாணவர்களில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கட்டும்.